அப்பலாச்சிய மலைநாட்டில் சாராயம் வேர்பிடித்த கதையும் அதைக் காய்ச்சிய முறையும்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாடு என்றதும் கள்ளச்சாராயமும் துப்பாக்கி ஏந்திய தாடிக்காரனும் ஏன் நினைவுக்கு வருகிறார்கள், அங்கே உண்மையில் எப்படிக் காய்ச்சினார்கள், எப்படிக் குடித்தார்கள் என்பது கேள்வி. மலைக்காரன் முரடன், சட்டத்துக்கு அடங்காதவன் என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். என்னைக் கேட்டால் அது சோம்பேறித்தனமான பதில். சாலை இல்லாத இடத்தில் தானியத்தைக் காசாக்க வேறு வழி இல்லை. காசு புழங்காத இடத்தில் அரசு காசாக வரி கேட்டது. மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவை.

வடக்கு அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து 1717 முதல் 1775 வரை இரண்டு லட்சத்துக்குக் குறையாத ஸ்காட்டிய வழி மக்கள் கடல் கடந்து வந்தார்கள். பிலடெல்ஃபியாவில் இறங்கியவர்களுக்குக் கடற்கரை நிலம் எட்டாத விலை. மேற்கே நடந்து, ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே இறங்கி வர்ஜீனியா, கரோலினா மலைகளில் பரவினார்கள். ஜெர்மானியர்களும் கூடவே வந்தார்கள். பார்லியை முளைகட்டி ஊறல் போட்டு வடிக்கும் பழக்கம் இவர்கள் ஊரிலேயே இருந்தது. புது நிலத்தில் பார்லி சரியாக வரவில்லை. பென்சில்வேனியாவில் ரை தானியம் வந்தது, தெற்கே மக்காச்சோளம் வந்தது.

அந்தச் சோளமும் நிலமும் அங்கே முன்பே வாழ்ந்த பூர்வகுடிகளான செரோக்கி மக்களுடையவை என்பதை விட்டுவிட்டு எல்லைப்புற வரலாற்றைச் சொல்லக் கூடாது. மலைமுகட்டுக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசர் 1763-இல் ஆணை போட்டார், ஒருவரும் மதிக்கவில்லை. 1775 மார்ச்சில் சிகமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் நில வியாபாரி ரிச்சர்ட் ஹெண்டர்சன் செரோக்கித் தலைவர்கள் சிலரிடமிருந்து இன்றைய கென்டக்கியின் பெரும்பகுதியை வாங்கியதாக ஒப்பந்தம் எழுதினார். அதே கையோடு எல்லைப்புற வேட்டைக்காரர் டேனியல் பூன் கம்பர்லண்ட் கணவாய் வழியாகப் பாதை வெட்டப் போனார். இந்த விற்பனையை ஏற்காத செரோக்கிப் போர்த்தலைவர் டிராகிங் கனூவும் அவர் வழி வந்தவர்களும் 1794 வரை சண்டை போட்டார்கள்.

குடியேறியவன் முதல் வருடம் காட்டைத் திருத்துவதில்லை, அதற்கு ஆள் பலம் இல்லை. மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்துவிடுவான். இலை உதிர்ந்து வெயில் இறங்கும். நிற்கிற பட்டமரங்களுக்கு நடுவே சோளம் ஊன்றுவான். ஏர் வேண்டாம், மண்வெட்டி போதும். விளைச்சல் நன்றாகவே வரும். சிக்கல் அறுவடைக்குப் பிறகுதான். ஈரக்காற்றில் தானியம் பூஞ்சை பிடிக்கும், எலி தின்னும். சந்தையோ மலைக்கு அந்தப் பக்கம். பிட்ஸ்பர்க் பகுதியிலிருந்து பிலடெல்ஃபியா ஏறத்தாழ 300 மைல். பொதிக்குதிரை ஒன்று 4 புஷல் ரை சுமக்கும், அதாவது சுமார் 100 கிலோ. அதன் கிரயம் போகவரச் செலவுக்கே காணாது. அதே குதிரை முதுகில் 8 கேலன் பீப்பாய் இரண்டை இருபுறமும் கட்டினால் அதைவிட அதிக ரையிலிருந்து வடித்த விஸ்கி ஏறிவிடும். உள்ளூரில் கேலன் 50 சென்ட், கிழக்கே ஏறக்குறைய ஒரு டாலர். மிசிசிப்பி ஆற்றுவழி 1795 ஒப்பந்தம் வரை ஸ்பெயினின் பிடியில் இருந்ததால் கீழே படகில் அனுப்பவும் முடியாது.

ஆகவே விஸ்கி சரக்கு மட்டும் இல்லை, புழங்கும் பணமும் அதுதான். கூலி, கடைக்கணக்கு, நிலத்தின் தவணை, சில இடங்களில் போதகர் சம்பளம் எல்லாம் கேலனில் தீர்ந்தன. 1784 முதல் 1788 வரை கிழக்கு டென்னசியில் தனி மாநிலமாகத் தன்னை அறிவித்துக்கொண்ட ஃபிராங்க்ளின், வரியையே பொருளாக வாங்கியது. ரை விஸ்கி கேலனுக்கு இரண்டரை ஷில்லிங், பீச் அல்லது ஆப்பிள் பிராந்தி 3 ஷில்லிங் என்று சட்டத்தில் விலை எழுதியிருந்தது. ரக்கூன் தோலும் அதே பட்டியலில் உண்டு.

இந்தச் சூழலில்தான் 1791 மார்ச்சில் கலால் வரி வந்தது. விடுதலைப் போரில் மாநிலங்கள் பட்ட கடனை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அதை அடைக்க நிதி அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் கண்ட வழி இது. கிராமத்துக் காய்ச்சுபவர்கள் கொப்பரைக் கொள்ளளவில் கேலனுக்கு ஆண்டுக்கு 60 சென்ட் கட்டலாம், அல்லது வடித்த ஒவ்வொரு கேலனுக்கும் 9 சென்ட் கட்டலாம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும். ஆனால் ஆண்டு முழுக்கக் கொப்பரையை ஓட்டும் பெரிய ஆலைக்காரனுக்குக் கொள்ளளவு வரி கேலனுக்குச் சில சென்டில் கரைந்துவிடும். அறுவடை முடிந்து நாலைந்து வாரம் மட்டும் அடுப்பு மூட்டும் விவசாயிக்கு 9 சென்டும் முழுசாக விழும், அதுவும் ஊரிலேயே இல்லாத நாணயமாக. 1792-இல் 7 சென்டாகக் குறைத்தார்கள். அப்போதும் உள்ளூர் விலையில் ஏழில் ஒரு பங்கு அது. கட்டாதவன் வழக்குக்குப் பிலடெல்ஃபியா கூட்டாட்சி நீதிமன்றம் போகவேண்டும்; போய்வருவதற்குள் ஒரு போகம் போய்விடும்.

1791 செப்டம்பரில் ராபர்ட் ஜான்சன் என்ற வசூல்காரரை மேற்குப் பென்சில்வேனியாவின் வாஷிங்டன் கவுண்டியில் (மாவட்டத்தில்) மறித்துத் தார் பூசி இறகு ஒட்டி விட்டார்கள். மூன்று ஆண்டு உரசலுக்குப் பிறகு 1794 ஜூலையில் விஷயம் வெடித்தது. உள்ளூர் நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம் என்று ஜூனில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஆனால் கூட்டாட்சி நீதிமன்ற அதிகாரியான மார்ஷல் டேவிட் லெனாக்ஸ் கொண்டுவந்த அழைப்பாணைகள் அதற்கு முன்பே மே மாதத்தில் எழுதியவை, பிலடெல்ஃபியாவுக்கு வரச்சொன்னவை. வழிகாட்டியாக உடன் போனவர் வசூல் மேற்பார்வையாளர் ஜான் நெவில், பெரிய காய்ச்சுபவரும் கூட. ஜூலை 16-இல் அவருடைய பவர் ஹில் வீட்டு முன் திரண்டவர்களில் ஆலிவர் மில்லர் சுடப்பட்டு இறந்தார். மறுநாள் நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள், தலைமை தாங்கிய ஜேம்ஸ் மெக்ஃபார்லேன் இறந்தார், வீடு எரிந்தது. ஆகஸ்ட் 1-இல் பிட்ஸ்பர்க் அருகே பிராடக் களத்தில் கூடியவர்கள் சுமார் 7,000 பேர். அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட மிலிஷியாவை (குடிமக்கள் படையை) திரட்டி, பெட்ஃபோர்ட் வரை தானே வந்தார். படை போய்ச் சேர்ந்தபோது எதிர்க்க ஆள் இல்லை. தேசத்துரோகத் தண்டனை பெற்றவர்கள் இருவர், அவர்களுக்கும் மன்னிப்பு கிடைத்தது. 1802-இல் ஜெஃபர்சன் ஆட்சியில் வரியே போய்விட்டது.

இதே வாஷிங்டன் 1797-இல் தன் மவுண்ட் வெர்னன் பண்ணையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்டியர் யோசனையில் ஆலை தொடங்கினார். 60 விழுக்காடு ரை, 35 விழுக்காடு சோளம், 5 விழுக்காடு முளைகட்டிய பார்லி. ஐந்து செப்புக் கொப்பரைகள். 1799-இல் கிட்டத்தட்ட 11,000 கேலன். வேலை செய்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆறு பேர்.

பலரும் 1794-ஐயே கள்ளச்சாராயத்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருப்பதைக் கவனிப்பதில்லை. 1812 போருக்காக 1814 முதல் 1817 வரை ஒரு குறுகிய கால வரி. அதன்பின் 1862 வரை 45 ஆண்டுகள் கூட்டாட்சிக் கலால் வரி கிடையாது. இரண்டு தலைமுறை மலைக்காரர்கள் பகலில், வீட்டு வாசலில், ஒரு குற்றமும் இல்லாமல் காய்ச்சினார்கள். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862 ஜூலையில் கேலனுக்கு 20 சென்ட் வந்தது. 1865 தொடங்கும்போது அது 2 டாலர். ஏய்ப்பு பெருகியதால் 1868-இல் 50 சென்டுக்கு இறக்கினார்கள். பிறகு 70, 90, 1894-இல் 1 டாலர் 10 சென்ட் என்று ஏறியது. வரி மட்டும் இருந்தாலும் சமாளித்திருப்பார்கள். பிணைப்பத்திரம், பூட்டிய கிடங்கு, அரசு அளவையாளர் என்று சட்டம் கேட்டதெல்லாம் 30 கேலன் கொப்பரை வைத்திருந்தவனுக்கு ஒத்துவராது. தாத்தா வாசலில் செய்ததைப் பேரன் ஓடைத்தலையில் ஒளிந்து செய்ய நேர்ந்தது இப்படித்தான்.

1876-இல் கலால் ஆணையராக வந்த கிரீன் ரவும் ஆயுதப் படைகளை மலைக்கு அனுப்பினார். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனையை நிறுத்திவைக்கவும் செய்தார். துப்பாக்கியைவிட இரண்டாவது உத்திதான் அதிகம் பலித்தது என்பேன். அதே ஆண்டு வட கரோலினாவில் துணை மார்ஷல் ஒருவரைச் சுட்டுக் கொன்ற லூயிஸ் ரெட்மண்ட் பத்திரிகைகளில் நாயகன் ஆனார், 1881-இல் பிடிபட்டார், 1884-இல் அதிபர் ஆர்தரின் மன்னிப்பு பெற்றார்.

இனிக் காய்ச்சும் முறை. இடத் தேர்வில்தான் பாதி வெற்றி. மலை இடுக்கின் மேல்முனையில், ரோடோடெண்ட்ரான் புதருக்குள், வெயில் படாத ஊற்று வேண்டும். ஆவியைக் குளிர்விக்கத் தண்ணீர் சில்லென்று ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். இரும்புச் சத்துள்ள நீரில் ஊறல் கறுத்து, சரக்கு கசக்கும்.

முதலில் மால்ட். சோளத்தைச் சாக்கில் கட்டி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரம் காயாமல் முளைவிடவைத்து, உலர்த்தி, அரைத்துக்கொள்வார்கள். முளையில் உருவாகும் நொதிதான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. அது இல்லாவிட்டால் ஈஸ்டுக்குத் தின்ன ஒன்றும் இல்லை. அரைத்த சோளத்தைக் கொதிநீரில் கூழாகக் காய்ச்சி, சுமார் 65 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிட்டு, மொத்தத் தானியத்தில் பத்தில் ஒரு பங்கோ சற்று அதிகமோ மால்ட் கலக்கவேண்டும். தெர்மாமீட்டர் கிடையாது. விரலை விட்டு ஒருமுறை இழுக்க முடிகிறதா, சற்று நேரம் வைத்திருக்க முடியவில்லையா என்று பார்ப்பார்கள். அவசரப்பட்டுச் சூட்டில் போட்டால் நொதி செத்துவிடும். கூழ் கடைசிவரை கூழாகவே கிடக்கும். சரியாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கெட்டிக்கூழ் நீர்த்து இனிக்கும். 30 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ஈஸ்ட். அல்லது காற்றில் உள்ளதே போதும் என்று திறந்து விடுவார்கள். மேலே தவிட்டு நுரை தொப்பிபோல் எழும். அது தானாக அடங்கி அமிழ்ந்தால் ஊறல் தயார்: வெயில் காலத்தில் நாலைந்து நாள், குளிரில் இரண்டு வாரம் வரை. ஒரு நாள் தாமதித்தால் புளித்து வினிகர் பக்கம் போகும். முன்கூட்டியே இறக்கினால் மிச்ச மாவு கொப்பரையில் அடிப்பிடிக்கும்.

அடிப்பிடித்த வாசனை வந்துவிட்டால் அந்தச் சரக்கை எத்தனை முறை வடித்தாலும் போகாது. அதனால் கொப்பரையில் ஊறலை ஊற்றியதும் மூடுவதில்லை. கொதி வரும்வரை அடியைத் தடவித் துழாவிக்கொண்டே இருந்து, பிறகே மூடியை வைத்து, இணைப்புகளில் ரை மாவுப் பசை பூசுவார்கள். சூட்டில் பசை இறுகி ஆவியை அடைக்கும். அழுத்தம் மிஞ்சினால் பசைதான் முதலில் பிய்யும். இன்று சிலர் போல்ட் போட்டு இறுக்குவது ஆபத்தானது. தீ மெல்ல எரியவேண்டும். வேகம் கூடினால் ஊறலே பொங்கி, ஆவியைக் குளிர்விக்கும் சுருள் குழாயில் ஏறிவிடும். குழாயை அவிழ்த்துக் கழுவாமல் தொடர முடியாது. விறகு காய்ந்த ஆஷ் மரமாக இருந்தால் புகை குறைவு.

முதல் வடிப்பில் வருவது 20, 30 விழுக்காடு வலுவுள்ள கலங்கல் திரவம். பல முறை வடித்துச் சேர்த்து, கொப்பரையைக் கழுவி, மறுபடி வடித்தால்தான் 50 விழுக்காட்டுக்கு மேல் ஏறும். இந்த இரட்டை வேலையை மிச்சம் பிடிக்க வந்தது ‘தம்ப்பர்’ பீப்பாய். கொப்பரைக்கும் சுருளுக்கும் நடுவே நிற்கும் அதில் முந்தைய வடிப்பின் வாலை, அதாவது கடைசியில் வந்த வலுக்குறைந்த பகுதியை, ஊற்றிவைப்பார்கள். சூடான ஆவி அதற்குள் புகுந்து குமிழ்விட்டு, அதிலுள்ள சாராயத்தையும் கிளப்பிக்கொண்டு வெளியேறும். ஒரே ஓட்டத்தில் இரண்டாம் வடிப்பும் முடிந்துவிடும். தொம் தொம் என்ற ஓசை அமைதியான பள்ளத்தாக்கில் நல்ல தூரம் கேட்கும். பிடிபடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுருளிலிருந்து முதலில் சொட்டுவதில் நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் நெடி இருக்கும், அதைக் கொட்டிவிடவேண்டும். நடுப்பகுதியே சரக்கு. கடைசியில் ஈர அட்டை வாசனை வந்ததும் வாலைத் தனியே பிடித்து அடுத்த ஓட்டத்துக்கு வைப்பார்கள். ஒரு புஷல் சோளத்துக்கு 2 முதல் 2.5 கேலன் கிடைத்தால் கைதேர்ந்தவன். இன்றைய ஆலைகள் அதைப்போல் இரு மடங்கு எடுக்கின்றன. வலுவைப் பார்க்கச் சிறு குப்பியில் குலுக்குவார்கள். பெரிய குமிழ்கள் சட்டென்று உடைந்தால் வலு அதிகம். சிறு குமிழ்கள் ஓரத்தில் ஒட்டி நின்றால் குறைவு. இதை நம்பி வாங்குபவனை ஏமாற்றக் குமிழைப் போலியாக எழுப்பும் எண்ணெயோ சலவைக் காரமோ கலந்தவர்கள் உண்டு.

முதல் சொட்டைக் கொட்டினால் மெத்தனால் போய்விடும் என்று பரவலாக நம்புகிறார்கள். தானிய ஊறலில் மெத்தனால் மிகச் சொற்பம். பெக்டின் உள்ள பழ ஊறலில் சற்று அதிகம். எப்படியானாலும் அது முன்பகுதியில் மட்டும் ஒழுங்காகப் பிரிந்து வருவதில்லை. ஆட்களைக் கொன்றது வேறு. 1951-இல் அட்லாண்டாவில் சுமார் 40 பேர் இறந்தது, வியாபாரி ஒருவர் தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்து விற்றதால். மெதுவாகக் கொன்றது ஈயம். செப்புச் சுருள் வளைக்கப் பொறுமை இல்லாதவர்கள் பழைய லாரி ரேடியேட்டரைக் குளிர்விப்பானாக்கினார்கள். அதன் பற்றவைப்பில் உள்ள ஈயம் புளித்த ஆவியில் கரையும். குடித்தவருக்கு வயிற்று வலி, ரத்தச்சோகை, கீல்வாதம், சிறுநீரகக் கேடு. செம்பு ஊறலின் கந்தக நாற்றத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். நாகம் பூசிய தகரத்துக்கு அந்தக் குணம் இல்லை, கரையவும் செய்யும்.

தரம் சரிந்தது சர்க்கரை வந்தபிறகு. முளைகட்டும் வேலை இல்லை, 10 பவுண்டு சர்க்கரைக்கு ஏறத்தாழ ஒரு கேலன் என்று கணக்கு நேர். ஜார்ஜியா 1908-இலும், வட கரோலினா 1909-இலும், மேற்கு வர்ஜீனியா 1914-இலும், வர்ஜீனியா 1916-இலும் மதுவிலக்குக்குள் வந்துவிட்டன. 1920-இல் நாடு முழுவதும். நகரத்துத் தேவை ஒரே அடியாக ஏறியபோது சோளத்துக்குக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. வர்ஜீனியாவின் ஃபிராங்க்ளின் கவுண்டியில் காய்ச்சுபவனிடம் மாமூல் வாங்கிக் காவல் காத்த அதிகாரிகள் மீதான சதி வழக்கு 1935-இல் ரோனோக்கில் நடந்தது. அன்று நிறையப் பணம் பார்த்தவர்கள் அடுப்பு மூட்டியவர்கள் இல்லை.

சரக்கு ஓட்டியவர்களுக்குப் பிடித்தது 1940 ஃபோர்டு கூபே. 120 கேலன் ஏற்றினால் கிட்டத்தட்ட 1,000 பவுண்டு. சாதாரண ஸ்பிரிங்கில் வால் தரையைத் தொட்டுக் காட்டிக்கொடுக்கும். அதனால் பின்னால் கெட்டி ஸ்பிரிங் போட்டார்கள். காலியாகப் போகும்போது வால் தூக்கி நிற்கும், அதுவும் ஓர் அடையாளம்தான். வில்க்ஸ் கவுண்டியின் ஜூனியர் ஜான்சன் இப்படி ஓட்டிப் பழகி நாஸ்கார் கார் பந்தயத்தில் பெயர் எடுத்தார். 1956-இல் தந்தையின் கொப்பரை அருகே பிடிபட்டுச் சிறை சென்றார். 1986-இல் ரீகன் மன்னிப்பு வழங்கினார்.

குடித்த முறைக்கு வருவோம். 1830 வாக்கில் அமெரிக்கா முழுவதுமே மிதமிஞ்சிக் குடித்தது. மலைநாடு விதிவிலக்கில்லை, தனிச்சாதியும் இல்லை. வீட்டுக் கூரை ஏற்ற, மரக்கட்டை உருட்ட, சோளம் உரிக்க அக்கம்பக்கத்தார் கூடினால் ஜாடி சுற்றிவரும். கூலிக்குப் பதில் அதுதான் மரியாதை. தேர்தல் நாளில் வேட்பாளர் ஊற்றவேண்டும். காட்டுச் செர்ரிப் பட்டையும் ஜின்செங் வேரும் ஊறிய சாராயம் மருந்து அலமாரியில் இருக்கும். குழந்தையின் இருமலுக்கும் ஒரு கரண்டி. கென்டக்கியின் கேன் ரிட்ஜில் 1801-இல் நடந்த பெரும் ஜெபக் கூட்டத்துக்குப் பின் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகள் பரவ, காற்று மாறியது. குடி நின்றுவிடவில்லை; கொட்டகைக்கும் பின்கட்டுக்கும் நகர்ந்தது. பெரியவர்கள் முன்னிலையில் குடிப்பது அவமரியாதை. போதகர் வந்தால் ஜாடி வைக்கோலுக்குள் போகும். பின்னால் கவுண்டி மதுவிலக்கு வாக்கெடுப்பு வரும்போதெல்லாம் போதகரும் கள்ளச்சாராய வியாபாரியும் ஒரே பக்கம் நின்றார்கள். இருவருக்கும் அவரவர் காரணம் இருந்தது.

இன்று வீட்டில் பீரும் ஒயினும் செய்ய 1978 கூட்டாட்சிச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. உரிமம் இல்லாமல் குடிக்கும் சாராயம் வடிப்பதை அது தொடவில்லை. டென்னசி 2009-இல் சட்டத்தைத் தளர்த்தியதும் 2010-இல் கேட்லின்பர்க்கில் உரிமம் பெற்ற ஆலை திறந்தது, இப்போது மலைப்பாதை முழுக்க மேசன் ஜாடியில் (திருகுமூடிக் கண்ணாடி ஜாடியில்) சாராயம் விற்கும் கடைகள். வாங்குபவர்கள் ஜாடியின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். ‘மூன்ஷைன்’ (கள்ளச்சாராயத்தின் ஆங்கிலப் பெயர்) என்பதற்குக் கூட்டாட்சி விதிகளில் தரவரையறை இல்லை. ஆலைச் சாராயத்தில் சர்க்கரையும் பழமணமும் கலந்தாலும் அந்தப் பெயர் போடலாம். ‘கார்ன் விஸ்கி’ என்று எழுதியிருந்தால் குறைந்தது 80 விழுக்காடு சோளம் இருந்தாகவேண்டும், 40 விழுக்காடு வலுவுக்குக் குறையக் கூடாது, பீப்பாயில் வைக்கவேண்டிய கட்டாயமில்லை. வைத்தால் உள்ளே கரிக்காத அல்லது பழைய பீப்பாயாக இருக்கவேண்டும். மலைக்காரன் 1850-இல் வாசலில் வடித்ததற்கு அருகே வருவது அந்த ஜாடிதான்.